முந்தைய உலகத்து ஆள்

ரைட்டரிடம் யாராவது வழி கேட்டால் சிரிப்பை அடக்குவது எனக்குப் பெரும்பாடு. "மளிகைக் கடை எங்கீங்க இருக்குது?" என்று வெளியூர்க்காரர் ஒருவர் கேட்பார். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "தெற்கு வடக்கு ரோட்டுக்குக் கிழக்கே, பேக்கரிக்கு வடக்கே, டாக்டர் வூட்டுக் காம்பவுண்டுக்கு மேற்கே, காலி மனைக்குத் தெற்கே, இதுக்கு மத்தியில இருக்குதுங்க" என்பார். கேட்டவர் பாதியிலேயே வேறு ஆளைத் தேடிப் போய்விட்டிருப்பார். பத்திரத்தில் நிலத்துக்கு நாலு பக்கமும் எல்லை எழுதி எழுதி வாயும் அப்படியே பழகிவிட்டது மனுஷனுக்கு.

அரூர் பத்திர ஆபீசுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் மேசை போட்டுப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் அவர். ஊரே ரைட்டர் என்றுதான் கூப்பிடும். நிஜப் பெயர் எனக்குத் தெரியும், ஆனால் இங்கே எழுத மாட்டேன். எழுதினால் ஓசூரில் ஒரு வீட்டில் அது வினையாக முடியும். ஏன் என்பது போகப்போகத் தெரியும். ஆள் இப்போது அரூரிலும் இல்லை. அந்த இடத்தில் வேறொருவர் மேசை போட்டிருக்கிறார். அவர் வழி கேட்டால் கையைக் காட்டிவிடுகிறார், எனக்குத்தான் சப்பென்று இருக்கிறது.

ரைட்டருக்கு ஒரே ஒரு குணம். மற்றதெல்லாம் அந்தக் குணத்தின் கிளைகள். நடந்த ஒன்றை நடக்கவில்லை என்று யார் சொன்னாலும் அவருக்குப் பொறுக்காது. நல்லதோ கெட்டதோ, சின்னதோ பெரியதோ, நடந்தது நடந்ததுதான். அதை மென்று விழுங்கத் தெரியாத மனிதர்.

ஒரு தடவை என் மனைவி கடைக்கு வந்திருந்தபோது, நான் பள்ளிக்கூடத்தில் எப்போதும் முதல் மார்க் என்று அளந்துவிட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து ஓட்டிவந்த கதை அது. ரைட்டர் ஆதார் நகல் எடுக்க வந்தவர், "தம்பி ப்ளஸ் டூல கணக்குல ஒரு தரம் பெயிலு. அப்பறம் எழுதிப் பாஸ் பண்ணான்" என்று சொல்லிவிட்டு நகலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கு எப்படித் தெரியும் என்றால், என்றோ ஒருநாள் நானே உளறியிருக்கிறேன். அன்று ராத்திரி வீட்டில் எனக்கு நடந்த மரியாதையை நான் சொல்லப் போவதில்லை.

இன்னொரு தடவை டீக்கடைக்காரர் ஒருவர் இறந்துபோனார். எல்லோரும் போயிருந்தோம். சாவு வீட்டில் சொல்வது போல, "தங்கமான மனுஷன், ஒரு ஈ எறும்புக்குத் துரோகம் நெனச்சதில்ல" என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரைட்டர் மெதுவாக, "நல்லவருதாங்க. குடிச்சிட்டு சம்சாரத்தைப் போட்டு அடிப்பாரு, அதுவும் உண்டு" என்றார். நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்கள். நான்தான் அவரைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். "ஏண்ணா இப்படிப் பண்றீங்க, செத்த வூட்ல பேசற பேச்சா இது?" என்றேன். "அந்தம்மா அங்க மூலையில உக்காந்திருந்துச்சு தம்பி. எல்லாரும் அப்பிடிச் சொன்னா, அது வாங்குன அடியெல்லாம் எங்க போவுது?" என்று கேட்டார். நியாயம்தான். ஆனால் அப்படிப்பட்ட ஆளோடு எந்த வீட்டுக்குப் போவது சொல்லுங்கள்.

எங்களைச் சேர்த்துவைத்தது கருமேகன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், கருமேகன் ஒரு சித்திரக்கதை நாயகன். வெளிநாட்டுக் கதை, ஒரு பத்திரிகை ஆபீசில் தமிழில் மொழிபெயர்த்துப் புத்தகமாகப் போடுவார்கள். ஏதோ ஒரு துறைமுக ஊரில் வானிலை ஆபீசில் குமாஸ்தா. புயல் வந்துவிட்டால் மட்டும் மேகத்தை உடுத்திக்கொண்டு பறப்பான். எனக்குச் சின்ன வயதில் பிடித்த பைத்தியம், விடவில்லை. ஒருநாள் ரைட்டர் கொண்டுவந்த பத்திரக் கட்டுக்கு நடுவில் கருமேகன் புத்தகம் ஒன்று செருகியிருந்தது. நான் அதைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். பிறகு கடத்தூரிலிருந்து ஒரு வாத்தியாரும், திருவண்ணாமலை பஸ்ஸில் போகும் கண்டக்டர் ஒருவரும் சேர்ந்துகொண்டார்கள். நாலு பேருக்கும் ஒரே பார்சலாக என் கடைக்குப் புத்தகம் வரும். ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நிப்பட்டுத் தட்டையும் டீயுமாக உட்காருவோம்.

உட்கார்ந்தவுடன் பிரிக்க முடியாது. ரைட்டர் சட்டம் அது. புதுப் புத்தகத்தைப் பிரிப்பதற்கு முன்னால் அதுவரைக்கும் நடந்ததை ஒருவர் வாயால் சொல்ல வேண்டும். "மூலப்பத்திரம் பாக்காம கிரயம் பண்ணுவியா நீ? அது யார்கிட்டருந்து யாருக்கு வந்துச்சு, நடுவுல என்ன வில்லங்கம், எல்லாம் பாத்துட்டுதான கையெழுத்து?" என்பார். கண்டக்டருக்குப் பொறுமை கிடையாது. "பார்சலப் பிரிங்க ரைட்டரே, டூட்டி இருக்குது" என்று பறப்பார். அவரையே முன்கதை சொல்ல வைப்பார் ரைட்டர். அணைக்கட்டில் விழுந்து கருமேகனுக்கு வலது கால் முறிந்தது. அதற்குப் பிறகு அவன் எங்கே இறங்கினாலும் ஒற்றைக் காலில் தாங்கித்தான் இறங்குவான். காலுக்குச் சேர்த்த ஆஸ்பத்திரியில் நர்ஸ் மரியாவைப் பார்த்தது, கல்யாணம், அவனுக்காக உயிரை விட்ட கலங்கரை விளக்கத்துக் கிழவர். சொல்லும்போது கிழவரை யாராவது விட்டுவிட்டால் ரைட்டர் கையைத் தூக்குவார். "ஒருத்தர வுட்டுட்ட."

அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்க்கலாம். மற்ற நாளில் அவர் ஒண்டிக்கட்டை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்திருந்தார். கல்யாணம் ஆகவில்லை. தீபாவளி, பொங்கலுக்கு ஊரே காலியாகும், இவர் அறையில் மட்டும் லைட் எரியும். கம்பைநல்லூருக்குப் பக்கத்தில்தான் சொந்த ஊர், பஸ் ஏறினால் ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. ஆனால் போக மாட்டார். ஏன் என்று நானும் கேட்டதில்லை. எத்தனை பேர் கூடப்பிறந்தவர்கள் என்று யாராவது பேச்சுவாக்கில் கேட்டால் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, "மூணு பேருங்க. அண்ணன், நானு, தங்கச்சி" என்பார். சாதாரணக் கேள்விக்கு எதற்கு இவ்வளவு அழுத்தம் என்று எனக்குத் தோன்றும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த அறிவிப்பு வந்தது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். கருமேகன் உலகம் புதிதாகத் தொடங்குகிறது. வில்லன் ஒருவன் காலத்தையே உடைத்துவிட்டான், எல்லாம் முதலிலிருந்து. இதுவரை வந்த கதைகள் முந்தைய உலகத்தைச் சேர்ந்தவை. அடுத்த மாதம் ஒன்றாம் இதழ். அட்டைப்படத்தையும் போட்டிருந்தார்கள். கருமேகன் இருபது வயதுப் பையனாக, இரண்டு காலையும் ஊன்றி ஜம்மென்று நின்றான். மரியாவை அவன் பார்த்ததே இல்லை. கிழவர் கலங்கரை விளக்கத்தில் சாவகாசமாகச் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வாட்ஸாப் குழுவில் அன்றைக்கு ராத்திரி யாரும் தூங்கவில்லை. தமிழ்நாடு பூராவும் இருக்கிற கருமேகன் பைத்தியங்கள் அந்தக் குழுவில் உண்டு. ஒருவர் தன் பழைய புத்தகங்களையெல்லாம் அட்டைப் பெட்டியில் போட்டு டேப் ஒட்டி, மாலை போட்டுப் படம் அனுப்பினார். இன்னொருவர், "ஒழிஞ்சது பழைய குப்பை, இனிமேலாவது என் மகன் படிப்பான்" என்றார். உடனே ரெண்டு பேர் குழுவை விட்டு வெளியேறினார்கள். மரியா கட்சி, கால் கட்சி, புது உலகக் கட்சி என்று பிரிந்துகொண்டார்கள், தேர்தல் சமயத்தில்கூட அப்படி ஒரு சண்டையை நான் பார்த்ததில்லை. மறைப்பானேன், நான் புது உலகக் கட்சி. படங்கள் பிரமாதமாக இருந்தன.

ரைட்டர் குழுவில் ஒரு வார்த்தை போடவில்லை. மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே கையில் ஒரு காகிதத்தோடு நின்றார். "இதுல ரெண்டு காப்பி போடு தம்பி." வாங்கிப் பார்த்தேன். பத்திரிகை ஆசிரியருக்கு ஆட்சேபணை மனு. பத்திர ஆபீசில் ஒரு சொத்தை விற்கக் கூடாது என்று தடை மனு கொடுப்பார்களே, அதே நடையில் எழுதியிருந்தார். மேற்படி கருமேகன் என்பவருக்கு மேற்படி அணைக்கட்டில் கால் முறிந்ததும், மேற்படி மரியா என்பவரை அவர் சட்டப்படி மணந்ததும் வாசகர்களாகிய நாங்கள் நேரில் கண்டு அறிந்தவை என்றும், அவற்றை ரத்து செய்ய எவருக்கும் பாத்தியதை இல்லை என்றும் போயிற்று அது. நான் மிஷின்மேல் சாய்ந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "பதிவுத் தபால்ல அனுப்பணும்" என்றார்.

பத்து நாள் கழித்துப் பத்திரிகை ஆபீசிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். ரைட்டர் என் கடையில் இருந்தார், ஸ்பீக்கரில் போட்டார். நல்ல பெண், மரியாதையாகப் பேசினாள்.

"சார், உங்க லெட்டர் பார்த்தோம். உங்க வருத்தம் புரியுது. ஆனா வெளிநாட்டுக் கம்பெனியே மாத்திட்டாங்க சார். அதெல்லாம் முந்தைய உலகம். இனிமே அது நடக்கல."

"நான் படிச்சிருக்கனேம்மா," என்றார் ரைட்டர்.

"படிச்சிருப்பீங்க சார். ஆனா நடக்கல."

"கிழவரு செத்தப்ப நான் அழுதிருக்கனேம்மா."

 "சாரி சார்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஒன்றாம் இதழ் வந்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் உட்கார்ந்தோம். வழக்கம்போல ரைட்டர், "முன்கதை யாரு சொல்றது?" என்றார்.  கடத்தூர் வாத்தியார்தான் தயங்கித் தயங்கி, "இதுக்கு முன்கதை இல்லீங்களே. இதுதான் மொதல்" என்றார்.

"மொதல்னு இவங்க சொன்னா ஆச்சா?"

"புதுசா வர்ற பசங்க படிக்கணும்னா அத்தனை வருசக் கதையும் தெரிஞ்சிருக்கணும்னு சொல்ல முடியுமாங்க?"

"நான் சொல்றன். எத்தன பேர் வந்தாலும் உக்கார வச்சு சொல்றன்."

கண்டக்டர் நிப்பட்டைக் கடித்துக்கொண்டே, "நீங்க சொல்லுவீங்க ரைட்டரே. கேக்கறதுக்கு ஆள் வேணுமே" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பஸ்ஸில் நாள் பூரா வாய் கொடுத்துப் பழகிய ஆள், வந்ததைச் சொன்னார். ரைட்டர் டீயைக் குடித்து முடித்தார். கிளாஸைக் கழுவி வைத்தார். "நீங்க படிங்க" என்று சொல்லிவிட்டு, குனிந்து ஷட்டருக்கு அடியில் வெளியே போனார். அவருடைய பங்குப் புத்தகம் பிரிக்காமலே கிடந்தது.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. நாங்கள் மூன்று பேரும் படித்தோம். கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பிரித்தவுடனே படிக்கலாம் என்றானபிறகு கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதற்குமேல் எங்களுக்குள் பேச ஒன்றுமில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மாசம் ரெண்டு போவதற்குள் வாத்தியார் தன் புத்தகத்தைக் கடத்தூருக்கே வரவழைத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏதோ வேலையாகக் கடையைத் திறந்தேன். எதிரே பத்திர ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. வேப்பமரத்தடியில் ரைட்டர் தன் மேசைமுன் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் ஒன்றுமில்லை. லீவு நாளில் யார் வந்து பத்திரம் எழுதப் போகிறார்கள்? அறையில் தனியாக இருக்கப் பிடிக்காமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்.  ரெண்டு டீ வாங்கிக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்தேன்.

கருமேகனைப் பற்றிப் பேசப் போகிறார் என்று நினைத்தேன். "தங்கச்சி போன் பண்ணுச்சு தம்பி" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது. அந்தத் தங்கை ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போனவள், அங்கே வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள். பையனுக்கும் இந்தப் பக்கம்தான், பக்கத்து ஊர். சொந்தக்காரர்கள் திரண்டு போய், பையனின் அப்பாவை நடுத்தெருவில் வைத்துச் செருப்பால் அடித்திருக்கிறார்கள். முன்னால் நின்றது ரைட்டரின் அண்ணன். இவர் அப்போது அரூரில் இருந்தார், அடுத்த நாள்தான் தெரிந்தது. ஊருக்கு ஓடினால் அங்கே அவள் செத்துப்போனதாகச் சொல்லி எல்லோரும் தலை முழுகிக்கொண்டிருக்கிறார்கள். "இனிமே எனக்கு ரெண்டே புள்ளைங்க" என்று அப்பா சொல்லியிருக்கிறார். அத்தனை பேர் நடுவில் நின்று ரைட்டர், "செத்தவங்களுக்குத்தான தலை முழுவறது? அவ ஓசூர்ல வேலைக்குப் போய்ட்டிருக்கறா. நாங்க மூணு பேரு" என்றிருக்கிறார். அன்றைக்கு அவரை வீட்டை விட்டுத் துரத்தியதுதான். அப்பா செத்தபின் நிலத்தைப் பாகம் பிரிக்க அண்ணன் வந்தபோதும், "தங்கச்சியையும் சேத்து எழுதுனா கையெழுத்துப் போடறன்" என்றார். நிலம் இன்றுவரை பிரியவில்லை. அண்ணனோடு பேச்சும் இல்லை. இவருக்குப் பெண் கொடுக்கவும் யாரும் வரவில்லை.

"தங்கச்சி என்ன சொல்லுச்சுண்ணா?"

"புது வூடு கட்டியிருக்கறாங்களாம். பால் காய்ச்சறாங்க. வரச் சொல்லுது."

"நல்லதுதான? போயிட்டு வாங்க."

"அண்ணன்னு சொல்லிக்காம வரச் சொல்லுது தம்பி."

செருப்படி பட்ட மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். மாமியார் இவர்களோடுதான் இருக்கிறாள். மருமகள் பிறந்த வீட்டு ஆள் ஒருத்தன் கால்கூட என் வாசல்படியில் படக் கூடாது என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாளாம். பிள்ளைகளிடம் அம்மாவுக்குச் சொந்தபந்தம் யாரும் இல்லை என்றே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். "அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. அடி வாங்குனவங்க அவங்க" என்றார் ரைட்டர். தங்கச்சி போனில் அழுதிருக்கிறாள். அண்ணா, எனக்கு நீ வரணும், ஆனா பழசெல்லாம் நடக்கலன்னு வச்சுக்க, நான் புதுசா ஆரம்பிச்சுட்டன் என்றிருக்கிறாள்.

 அந்தப் பத்திரிகைக்காரப் பெண்ணின் குரல் எனக்கும் காதில் கேட்டது. "கருமேகனுக்கே கால் நேராயிடுச்சுண்ணா. நீங்களும் ஒருநாள் அப்படிப் போயிட்டு வாங்களேன்" என்றேன். சமாதானமாகச் சொல்வதாக நினைப்பு எனக்கு.

"அவனுக்குக் கால் ஒடஞ்சது ஞாபகமே இல்ல, அதனால பறக்கறான். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குதே" என்றார். கொஞ்சம் கழித்து, "தங்கச்சி இருக்குதுன்னு சொன்னதுக்குத்தான் தம்பி என்னைத் துரத்துனாங்க. இப்ப நானே போயி இல்லன்னு சொன்னா, இத்தன வருசம் நான் எதுக்கு இங்க உக்காந்திருந்தன்?" என்று கேட்டார். டீ ஆறிப்போய்விட்டது. ரெண்டு பேரும் குடிக்கவில்லை.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கடைக்கு வந்து, "கார்ல கூட்டிட்டுப் போறியா?" என்றார். விடியற்காலையில் கிளம்பினோம். வெள்ளை வேட்டி சட்டை, புதுசு.  கிருஷ்ணகிரி தாண்டியதும், "யாராச்சும் கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார். "பத்திரம் எழுதிக் குடுத்தவருன்னு சொல்லுங்க. தொழில்தான, பொய்யாத் தெரியாது" என்றேன். "அந்த மனை ஓசூர்ல பதிஞ்சது. நான் எழுதல" என்றார். 

சின்ன வீடுதான், அழகாகக் கட்டியிருந்தார்கள். வாசலில் வாழைமரம், உள்ளே ஹோமப் புகை. தங்கை எங்களைப் பார்த்தாள். பித்தளைச் சொம்பு கையில் இருந்தது, அது சாய்ந்து தண்ணீர் தரையில் ஊற்றியது அவளுக்குத் தெரியவில்லை. மாமியார் நல்ல உயரமான அம்மாள், வாசலுக்கே வந்து கையெடுத்துக் கும்பிட்டாள். "வாங்க, வாங்க. நீங்க யாருங்க, தெரியலீங்களே?"

ரைட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் முந்திக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அதற்குள் அவரே, "அரூருங்க. உங்க மகன் மனை வாங்கறப்ப பத்திரம் எழுதுனவன்" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பொய் அது. தங்கை புருஷன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்குத் தெரியும்.

கடைசி வரிசையில் ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தோம். பால் காய்ச்சும் நேரம் வந்தபோது ஐயர் நிமிர்ந்து, "பொண்ணோட பொறந்த வூட்டுத் தட்டு எங்கம்மா? கூடப் பொறந்தவங்க யாரு வைக்கறது?" என்று கேட்டார்.  தங்கை அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவளுக்கு யாரும் இல்லீங்க சாமி" என்றாள் மாமியார். "தட்டு நானே வாங்கி வச்சிருக்கறன். புடவை, பழம், பால் பாத்திரம் எல்லாம் இருக்குது. எடுத்துக் குடுக்கத்தான் ஒரு கை வேணும்."

"பெரியவங்களா யாராச்சும் ஒருத்தர், அண்ணன் ஸ்தானத்துல நின்னு குடுத்தா போதும்மா."

அந்த அம்மாள் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் புருஷன் வீட்டு ஆட்கள், அவர்கள் கொடுக்கக் கூடாது. பார்வை கடைசி வரிசைக்கு வந்து நின்றது. "சார், நீங்க பெரியவரா இருக்கறீங்க. வெளியாளுதான். ஒரு ரெண்டு நிமிசம் அண்ணனா நிக்கறீங்களா? உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

எனக்கு எழுந்து நின்று கத்திவிட வேண்டும்போல இருந்தது. இவர்தாம்மா அண்ணன், இந்தப் பொண்ணுக்காகச் சொத்தையும் சொந்தத்தையும் விட்டுட்டு ஒத்தையில கிடக்கிற அண்ணன் இவர்தான் என்று தொண்டை வரை வந்துவிட்டது. ரைட்டர் என் தோளைத் தொட்டு அழுத்திவிட்டு எழுந்தார்.

தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். பழம் ஒன்று உருண்டு விழுந்தது, யாரோ எடுத்து வைத்தார்கள். தங்கை முந்தானையை ஏந்தினாள். புடவையை வாங்கிக்கொண்டு குனிந்தவள் எழுந்திருக்கவில்லை, அவர் காலிலேயே நெற்றியை வைத்துக்கொண்டு கிடந்தாள். "நல்லா இரு" என்று சொல்ல வேண்டும். ரைட்டருக்கு அந்த வார்த்தை வர வெகு நேரம் ஆனது. ஐயர் ரெண்டு தடவை தொண்டையைச் செருமினார். பிறகு பால் பொங்கியது, பெண்கள் குலவை போட்டார்கள், எல்லோரும் பந்திக்கு நகர்ந்தார்கள்.

மாமியார் தாம்பூலப் பையோடு அவரிடம் வந்தாள். அந்த அம்மாளுக்கும் கண் கலங்கியிருந்தது. "ரொம்ப சந்தோசமுங்க. மனசாரச் செஞ்சீங்க" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களுக்குத் தெரியாது, இவளுக்குக் கூடப் பொறந்தவனுங்க இருக்கறானுங்க. மனுசனுங்களே இல்ல. அவனுங்க வந்து நின்னிருந்தாகூட இப்பிடிச் செஞ்சிருக்க மாட்டானுங்க" என்றாள்.

தங்கை பின்னால் நின்றுகொண்டிருந்தாள். ரைட்டர் பையை வாங்கிக்கொண்டார்.

"ஆமாங்க" என்றார்.